ஏட்டில் பதினேழு வாரம், வாயில் பத்து வாரம்

கேள்வி:

டாக்டர், பதினோரு நாட்களுக்கு முன் ஒரு பிரெஞ்சு புல்டாக் பெட்டைக் குட்டி வாங்கினோம். இணைய விளம்பரம் பார்த்துத்தான் பேசினோம். "வெளிநாட்டு லைன், பாஸ்போர்ட்டோடு வரும்" என்றார்கள். வீட்டுக்கே வந்து தாய் நாயையும் பார்க்கிறோம் என்றோம். வண்டி உங்கள் பக்கம்தான் வருகிறது, நீங்கள் ஏன் அலைய வேண்டும் என்று சொல்லி, இரவு பத்து மணிக்கு நெடுஞ்சாலையோர வாகன நிறுத்தத்தில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பாஸ்போர்ட்டின்படி (நாயின் அடையாளமும் ஊசிகளும் பதிந்த ஏடு) குட்டிக்கு இப்போது 17 வாரம். நாய் வளர்த்துப் பழகிய தோழி ஒருத்தி பார்த்துவிட்டு, பத்து வாரம் இருந்தாலே அதிகம் என்கிறாள். குட்டியின் தோலுக்கடியில் இருக்கும் அடையாள மைக்ரோசிப்பை அவளிடம் இருந்த கருவியில் படித்தபோது, பாஸ்போர்ட்டில் உள்ள எண்ணோடு கடைசி நான்கு இலக்கங்கள் ஒத்துப்போகவில்லை. விற்றவரின் எண்ணுக்கு இப்போது அழைப்பே போவதில்லை. இரண்டு நாளாகக் குட்டிக்கு வயிறு சரியில்லை, துள்ளல் குறைந்துவிட்டது.

யாரிடமாவது சொன்னால் குட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொன்றுவிடுவார்கள், வாயைத் திறக்காதே என்கிறார் கணவர். வளர்ந்ததும் ஒரே ஒரு முறை குட்டி போடவைத்தால் கொடுத்த பணம் வந்துவிடும் என்றும் சொல்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. நாங்கள் குற்றம் செய்துவிட்டோமா? சொல்லத்தான் வேண்டுமா? (வந்த நான்காம் நாள் விளையாடும்போது என் எட்டு வயது மகளின் கட்டைவிரலில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது. மருந்து போட்டு ஆறிவிட்டது.) படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தில் நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி எழுதிய அந்த இரண்டு வரிதான் எனக்கு முதல் வரி. அதனால்தான் இந்தப் பதில் அச்சேறும்வரை காத்திருக்காமல், மடல் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதினேன். அதையே மற்றவர்களுக்காக இங்கே திரும்பச் சொல்கிறேன்: குழந்தையை இன்றே மனித மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கால்நடை மருத்துவரிடம் அல்ல. "எங்கிருந்து வந்தது என்று தெரியாத, தடுப்பூசி போட்டதா என்றே உறுதியில்லாத நாய்க்குட்டி, தோல் கிழிந்து ரத்தம் வந்தது, இன்ன தேதி" என்று இந்த மூன்றையும் அப்படியே சொல்லுங்கள். "வீட்டு நாய்தான் டாக்டர், லேசாகப் பட்டது" என்று மென்று விழுங்காதீர்கள்.

குட்டிதானே, பால்பல்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். ரேபிஸ் கிருமிக்குப் பால்பல், கடைவாய்ப்பல் என்ற பேதமில்லை. உலக சுகாதார நிறுவனம் கடிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. தோலைத் துளைத்த கடி, ஒரு பல் பட்டதாக இருந்தாலும், மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசித் தொடரோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யும் ஆயத்த எதிர்ப்பொருள்) உண்டு. நாய்க்கடி பட்ட உடனே செய்ய வேண்டியது, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. அந்த வேளை உங்களுக்குக் கடந்துவிட்டது. ஊசிக்கான வேளை கடக்கவில்லை. மனிதர்களிடம் இந்நோய் வெளிப்படப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம். அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆகவே நாள் கடந்துவிட்டதே என்று தயங்காமல் போக வேண்டும். ஊசி தேவையா, எத்தனை என்பதை அந்த மருத்துவர் உங்கள் பகுதியின் நிலவரத்தை வைத்து முடிவு செய்வார். அவர் முடிவு செய்ய உண்மை வேண்டும். அதைக் கொடுப்பது மட்டும் உங்கள் வேலை.

"பத்து நாள் பார்த்தோம், நாய் நன்றாக இருக்கிறது" என்ற கணக்கையும் இங்கே தெளிவாக்கிவிடுகிறேன். ரேபிஸ் வந்த நாயின் எச்சிலில் கிருமி தென்படுவது அறிகுறிக்குச் சில நாட்களுக்கு முன்புதான். ஆகவே கடித்த நாளிலிருந்து பத்து நாள் நாய் நலமாக இருந்தால், கடித்த அந்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். அவ்வளவுதான். அந்த நாய்க்கு ரேபிஸே இல்லை என்று பொருளல்ல. நோய் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கலாம், வாரங்கள் கழித்து, சில நேரம் மாதங்கள் கழித்து வெளிப்படலாம். கடிக்கான கெடு பத்து நாள், குட்டிக்கான கெடு அதைவிட மிக நீளம். உங்கள் குட்டிக்கு வயிறு வேறு சரியில்லை. "நலமாக இருக்கிறது" என்ற சொல்லே இப்போதைக்குப் பொருந்தாது.

அடுத்து குட்டி. இதையும் நாளைக்குத் தள்ளாதீர்கள். இந்த வயதில், நீண்ட பயணம் செய்து வந்த குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் நினைக்க வேண்டியது பார்வோ வைரஸ், குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடியது. மலத்தை எடுத்துச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். குடற்புழுவாகவோ, தீனி மாறியதாகவோ இருந்தால் நல்லது. பார்வோவாக இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். கூப்பிடும்வரை குட்டியோடு வண்டியிலேயே இருங்கள். காத்திருக்கும் இடத்தில் இறக்கிவிட்டால் அங்கே இருக்கும் மற்றக் குட்டிகளுக்கு ஆபத்து. அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

அந்த மருத்துவரிடமும் கதை மாற்றாமல் சொல்லுங்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. கையில் சான்றிதழோடு வரும் நாயை நாங்கள் ஒரு விதமாகத் தொடுகிறோம்; சான்றிதழ் பொய் என்று தெரிந்த நாயை வேறு விதமாகத் தொடுகிறோம். வாயைத் திறந்து பார்ப்பதும், ஊசி போடப் பிடித்துக்கொள்வதும் என் உதவியாளர்களின் வெறும் கைகள்தான்.

இனி உங்கள் படங்களுக்கு வருகிறேன். படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கையில் பிடித்துப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் தோழி விவரமானவர். நாய்க்குட்டிக்குப் பால்பல் மொத்தம் 28. மூன்றாம் வாரத்தில் முளைக்கத் தொடங்கி எட்டாம் வாரத்துக்குள் எல்லாம் வந்துவிடும். ஊசிமுனை போல மெல்லியதாக, நெருக்கமாக இருக்கும். பன்னிரண்டாம் வாரத்துக்குப் பிறகு முன்பற்கள் விழத் தொடங்கும். பதினேழு வாரத்துக் குட்டியின் வாயில் நடுவில் இரண்டு அகலமான புதுப் பற்களோ, குறைந்தது ஓர் ஓட்டையோ இருப்பது வழக்கம். உங்கள் படத்தில் ஊசிப் பற்கள் வரிசை குலையாமல் இருக்கின்றன. சில இனங்களில் பல் மாறுவது தாமதமாகும் என்பது உண்மைதான். ஏழு வாரம் தாமதமாவதில்லை.

அதைப் பாஸ்போர்ட்டோடு வைத்துப் பாருங்கள். ரேபிஸ் ஊசி பன்னிரண்டாம் வாரத்தில் போட்டதாக அதில் இருக்கிறது; அதாவது இன்றைக்கு ஐந்து வாரத்துக்கு முன். குட்டிக்கு இப்போது பத்து வாரம் என்றால், அந்தத் தேதியில் அது ஐந்து வாரக் குழந்தை, தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்திருக்கும். ஊசி போட்டார்களா, மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டை மட்டும் உரித்து ஒட்டினார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம். போட்டிருந்தாலும் அந்த வயதில் நம்ப முடியாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசியின் வேலையை அது கெடுத்துவிடும். பன்னிரண்டு வாரம் என்ற வரம்பு வந்ததே அதனால்தான்.

சட்டத்துக்குப் புறம்பான நாய் வியாபாரம் எங்கே நிற்கிறது என்று கேட்டால், நான் காட்டுவது இந்த வாரக் கணக்கைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியின்படி, எல்லை தாண்டும் நாய்க்கு முதலில் மைக்ரோசிப், பிறகு பன்னிரண்டு வாரம் நிறைந்த பின் ரேபிஸ் ஊசி, அதன்பின் 21 நாள் காத்திருப்பு. கூட்டினால் 15 வாரம். ரேபிஸ் அபாயம் மிகுந்த நாடுகளிலிருந்து வருவதாக இருந்தால் ஊசி போட்டு முப்பது நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதில் மில்லிலிட்டருக்கு 0.5 அலகு எதிர்ப்பொருளாவது இருக்க வேண்டும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம். அப்போது குட்டி ஏழு மாத நாயாகியிருக்கும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் ஆறு மாதம் நிறையாத எந்த நாயையும் உள்ளே விடுவதில்லை.

வாங்குகிறவர்களோ எட்டு வாரக் குட்டியைத்தான் கேட்கிறார்கள். உள்ளங்கையில் அடங்க வேண்டும், படத்தில் அழகாக இருக்க வேண்டும். சட்டம் பதினைந்து வாரம் என்கிறது, ஆசை எட்டு வாரம் என்கிறது. நடுவில் இருக்கும் ஏழு வாரத்தைத்தான் கள்ள வியாபாரி விற்கிறார். பிறந்த தேதியை ஏழு வாரம் முன்னால் தள்ளி எழுதினால் போதும், கணக்கு நேராகிவிடும். சில நாடுகள் சிறு குட்டிகளுக்கு நிபந்தனையோடு விலக்குத் தருவதுண்டு என்றாலும், "இறக்குமதி, எட்டு வாரம், தடுப்பூசியெல்லாம் முடிந்தது" என்று ஒரே விளம்பரத்தில் மூன்றும் இருந்தால் அதில் ஏதோ ஒன்று பொய். பெரும்பாலும் இரண்டு.

மைக்ரோசிப் விஷயம் இன்னும் வெளிப்படை. சிப்பில் இருப்பது பதினைந்து இலக்க எண். முதல் மூன்றும் நாட்டையோ, சிப் தயாரித்த நிறுவனத்தையோ குறிக்கும். கடைசி நான்கு இலக்கம் மாறுகிறது என்றால் தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம்தான். ஆனால் ஒரே பெட்டியில் அடுத்தடுத்து வரும் சிப்களின் எண்கள் கடைசி இலக்கங்களில்தான் வேறுபடும். மொத்தமாக ஏற்றிவந்த குட்டிகளில் எது எதனுடைய பாஸ்போர்ட் என்று இருட்டில் கலந்துவிட்டது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. கருவியில் இரண்டாம் முறையும் படியுங்கள். கழுத்து மட்டுமல்ல, தோள், முன்கால் வரை தடவிப் பாருங்கள், சிப் நகரும். 2014 இறுதிக்குப் பிறகு அச்சான ஐரோப்பியப் பாஸ்போர்ட் என்றால், சிப் எண்ணின் மேலும் ரேபிஸ் ஒட்டுச்சீட்டின் மேலும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் இரண்டாம் படத்தில் அந்தத் தாளின் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறது. பிரித்து மீண்டும் ஒட்டியது போல. அதை நீங்கள் தொடாதீர்கள்.

குற்றம் செய்தீர்களா என்ற கேள்விக்கு வருவோம். நான் வழக்கறிஞன் அல்ல. ஏமாந்து வாங்குவதும் தெரிந்தே கடத்துவதும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல வழக்கறிஞர் தேவையுமில்லை. ஆனால் உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. இனி மறைத்தால் அது உங்கள் கணக்கில் சேரும்.

"கொன்றுவிடுவார்களா?" உங்களுக்குத் தூக்கம் வராமல் செய்யும் கேள்வி இதுதான் என்று தெரிகிறது. இனிப்பாகப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. நாட்டுக்கு நாடு விதி வேறு. ஐரோப்பிய விதியில் மூன்று வழிகள் வரிசையாக இருக்கின்றன: வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவது, விதிகள் நிறைவேறும்வரை அதிகாரிகளின் கண்காணிப்பில் தனிமைப்படுத்துவது, இரண்டும் இயலாதபோது மட்டும், கடைசி வழியாக, கருணைக்கொலை. உங்களைப் போலக் குட்டி ஏற்கெனவே வீடு சேர்ந்துவிட்டால், விற்றவரும் காணாமல் போயிருந்தால், நடைமுறையில் பெரும்பாலும் பேச்சு தனிமைப்படுத்தலைச் சுற்றியே இருக்கும். செலவு உங்கள் தலையில் விழலாம். சில மாதமும் ஆகலாம். வீட்டிலேயே தனிமைப்படுத்த அனுமதிப்பார்களா என்று கேளுங்கள், சில இடங்களில் அனுமதிப்பதுண்டு.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் பயப்படும் முடிவுக்கு நேர் வழி, சொல்வதல்ல, சொல்லாமல் இருப்பது. ரேபிஸை உறுதிசெய்ய நாயின் மூளைத் திசுவைத்தான் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் நாயிடம் அதைச் செய்ய முடியாது. நாளைக்கு இந்தக் குட்டி பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்து, பாஸ்போர்ட் பொய் என்று அன்றைக்கு வெளியே வந்தால், அதிகாரியின் முன்னால் இருக்கும் வழிகள் இன்றைக்கு இருப்பதைவிடக் குறைவு. இன்று நீங்களே போனால் "தடுப்பூசி தெரியாத குட்டி, கண்காணிப்பில் இருக்கிறது". அன்று போனால் "தடுப்பூசி தெரியாத, கடித்த, மறைக்கப்பட்ட நாய்".

2015-இல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பும் ஆம்பர் ஹெர்டும் பிஸ்டல், பூ என்ற இரண்டு யார்க்‌ஷயர் டெரியர்களைச் சொல்லாமல் தனி விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கதை உங்களுக்கு நினைவிருக்கலாம். நாய்களைத் திருப்பி அனுப்பு, இல்லாவிட்டால் கொல்ல நேரும் என்று அந்நாட்டு வேளாண் அமைச்சர் கெடு வைத்தார். நாய்கள் பத்திரமாகத் திரும்பிப் போயின. மறு ஆண்டு நீதிமன்றத்துக்கு வந்தது, பயணப் படிவத்தில் பொய் சொன்னதற்கான வழக்கு. அன்று உலகமே சிரித்தது, நானும்தான். பிறகு யோசித்தால், ரேபிஸ் இல்லாத கண்டம் ஒன்று அந்தப் படிவத்தை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது.

அதிகாரிகள் ஏன் இத்தனை கறாராக இருக்கிறார்கள் என்று கோபம் வந்தால் பிரான்சை நினைத்துக்கொள்ளுங்கள். 2004-இல் மொராக்கோவிலிருந்து காரில் முறையின்றிக் கொண்டுவந்த ஒரு குட்டி பொர்தோ நகரில் ரேபிஸால் இறந்தது. அதற்குள் திருவிழாக் கூட்டங்களிலெல்லாம் சுற்றிவிட்டது. கொஞ்சியவர்கள், தூக்கியவர்கள், அது மோதிய நாய்கள் என்று ஒவ்வொருவராகத் தேடி ஊசி போட வேண்டியிருந்தது. நான்கு ஆண்டு கழித்து, மீண்டும் முறையின்றி வந்த ஒரு நாயிலிருந்து உள்நாட்டு நாய்களுக்கே நோய் தொற்றி, ரேபிஸ் இல்லாத நாடு என்ற தகுதியை பிரான்ஸ் 2008-இல் இழந்தது. 2010-இல்தான் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் 2021-இல், அஜர்பைஜானிலிருந்து மீட்பு நாய்களாக வந்த முப்பதுக்கும் மேற்பட்ட விலங்குகளில் ஒரு நாய்க்கு, வந்த சில நாட்களிலேயே ரேபிஸ் வெளிப்பட்டது. தடுப்பூசிச் சான்று அதனிடமும் இருந்தது. மற்ற விலங்குகள் அதற்குள் பல மாநிலங்களுக்குப் பிரிந்து போயிருந்தன. இந்த நாய்களைக் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் கெட்டவர்களும் அல்லர். நாய் மேல் பாசம் வைத்தவர்கள்தான்.

உங்கள் குட்டிக்கு ரேபிஸ் இருக்க வாய்ப்புக் குறைவு என்றே நினைக்கிறேன். அந்தக் குறைவைத் தெரிந்துகொள்ளக் காகிதம் உதவாமல் போனதால்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த "ஒரே ஒரு முறை".

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. மாதத்துக்கு ஒருவராவது என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் நல்ல மனிதர்கள். ஒரு முறை குட்டி போட்டால்தான் பெட்டைக்கு உடம்புக்கு நல்லது என்ற பழைய நம்பிக்கையையும் துணைக்கு அழைத்துக்கொள்வார்கள். மருத்துவத்தில் அதற்கு ஆதாரமில்லை.

பணக் கணக்கே முதலில் உதைக்கும். பிரெஞ்சு புல்டாக்கின் தலை பெரிது, இடுப்பு குறுகல். பிரிட்டனில் இன நாய்களைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வொன்றில், பிரெஞ்சு புல்டாக்கின் ஐந்து ஈற்றில் நான்குக்கு மேல் அறுவைசிகிச்சையில்தான் முடிந்திருந்தன. இயற்கையாகப் பெறுவது விதிவிலக்கு. நள்ளிரவில் தொடங்கும் பிரசவம், மயக்க மருந்து, மூச்சுக்குழல் குறுகிய நாய்க்கு அந்த மயக்கத்தால் வரும் கூடுதல் ஆபத்து, பால் இறங்காத தாய், இரண்டு மணிக்கு ஒரு முறை புட்டிப்பால். இவ்வளவையும் தாண்டிப் பிழைத்த இரண்டு மூன்று குட்டிகளை விற்றுத்தான் லாபம் பார்க்க வேண்டும்.

அடுத்தது நோய். புரூசெல்லா கேனிஸ் என்றொரு கிருமி நாய்களின் கருப்பையில் குடியிருந்து கருச்சிதைவை உண்டாக்கும். இணைசேரும்போது பரவும், பிரசவ நீர் பட்டால் மனிதருக்கும் தொற்றும். முழுமையாக ஒழிக்கும் மருந்து என்று நம்பிச் சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்டனில் 2020-க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த நாய்களிடம் இது கூடுதலாகக் கண்டறியப்பட்டு, கால்நடை மருத்துவர்கள் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் பிரசவம் பார்க்கத் தயங்கும் நிலை வந்தது. எங்கு பிறந்தது, தாய் யார் என்று தெரியாத உங்கள் குட்டிக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. குட்டி போடவைக்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் அந்தப் பரிசோதனையை எப்போது செய்யலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் பன்னிரண்டு மாதத்தில் மூன்று ஈற்றோ அதற்கு மேலோ விற்றால் உரிமம் வேண்டும். வியாபாரமாகச் செய்தால் அதற்குக் குறைவாக இருந்தாலும் வேண்டும். உரிமம் பெற்றவர் ஒரு வயது நிறையாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது, ஒரு நாய்க்கு வாழ்நாளில் ஆறு ஈற்றுக்கு மேல் கூடாது, இரண்டு முறை அறுவை நடந்திருந்தால் அதோடு சரி. இந்தியாவின் 2017 விதிகள் விற்பனைக்காக வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும் என்கின்றன. பெட்டைக்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், மொத்தம் ஐந்து ஈற்றுதான். எண்கள் மாறினாலும் விதி எழுதியவர்களின் கண் முன்னால் நின்ற நாய் ஒன்றேதான்: கூண்டை விட்டு வெளியே வராமல், சினைக்கு மேல் சினையாக வயிறு சுமந்து, பால்காம்பு தரையைத் தொட நிற்கும் தாய்.

லூசி என்ற கவேலியர் ஸ்பானியல் அப்படித்தான் இருந்தது. வேல்ஸ் நாட்டுக் குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து 2013-இல் மீட்டபோது அதற்கு ஐந்து வயது. கூண்டிலேயே கிடந்து முதுகெலும்பு வளைந்து, முடி கொட்டி, வலிப்பும் இருந்தது. 2016-இல் இறந்தது. அதன் பெயரால் அழைக்கப்படும் விதி 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகரோ கடையோ வியாபாரமாக விற்கக் கூடாது. வளர்த்தவரிடமே, தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நல்ல விதி. ஓட்டை இல்லாத விதியல்ல. வாடகை வீட்டில் வேறொரு பெட்டையை உட்காரவைத்து "இதுதான் தாய்" என்று காட்டுகிறவர்கள் உடனே வந்துவிட்டார்கள். உள்நாட்டில் வளர்ப்பவருக்கு விதிகள் இறுகும்போதெல்லாம் எல்லைக்கு அப்பால் வண்டிகள் கூடுகின்றன என்பதும் உண்மை. அதற்காக விதியே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வளர்ப்பு உரிமமும் எல்லைச் சோதனையும் ஒரே பூட்டின் இரண்டு சாவிகள். ஒன்றை மட்டும் திருப்பிப் பயனில்லை. எல்லையில் கொட்டும் காசில் கொஞ்சத்தைச் சிப் எண் பதியும் தரவுத்தளங்களை நாடு தாண்டி இணைக்கச் செலவழித்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம். இன்று ஒரு நாட்டில் பதிந்த எண்ணை அடுத்த நாட்டு மருத்துவர் தேடிப் பிடிப்பதற்குள் குட்டி நாயாகிவிடுகிறது.

உங்கள் குட்டியின் தாயும் எங்கோ இருக்கிறாள். நீங்கள் பார்க்கக் கேட்டீர்கள். வண்டி உங்கள் பக்கம் வருகிறது என்றார்கள். உங்கள் கணவர் சொல்லும் ஒரு ஈற்றுக்கும் அவள் சுமக்கும் ஈற்றுகளுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொய்ப் பாஸ்போர்ட்டோடு வந்த உங்கள் நாயின் குட்டிகளை எந்தக் காகிதத்தோடு விற்பீர்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். குழந்தைக்கு மருத்துவர், குட்டிக்கு மருத்துவர், இரண்டும் இன்று. கால்நடை மருத்துவர் வழியாகவே அதிகாரிகளுக்குத் தகவல் போகட்டும். நீங்கள் நேராகப் போவதைவிட அது சீராக நடக்கும், குட்டியின் உடல்நிலையும் அறிக்கையில் சேரும். அவர்கள் சொல்லும்வரை குட்டியை வெளியே நடத்தாதீர்கள், வேறு நாய்களோடு விடாதீர்கள், வீட்டுக்கு வந்தவர்களிடம் தூக்கிக் கொடுக்காதீர்கள். யார் யார் தூக்கினார்கள் என்று ஒரு பட்டியல் எழுதிவையுங்கள். விளம்பரத்தின் படம், பேசிய உரையாடல்கள், பணம் அனுப்பிய ரசீது, வண்டி எண் நினைவிருந்தால் அதுவும், ஒன்றையும் அழிக்காதீர்கள். பணம் வங்கி வழியே போயிருந்தால் வங்கியிடம் மோசடி என்று உடனே பதியுங்கள். விற்றவர் திரும்ப அழைத்து "குட்டியைக் கொடுத்துவிடுங்கள், வேறு தருகிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இதே குட்டி வேறொரு வாகன நிறுத்தத்தில் வேறொரு வீட்டுக்குப் போகும்.

இன்னொன்று. இன்றிலிருந்து வாரம் ஒரு முறை குட்டியின் முன்பற்களைத் தேதியோடு படம் எடுத்துவையுங்கள், எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். உதட்டை மெல்லத் தூக்கினால் போதும், வாய்க்குள் விரல் வேண்டாம். நடுவில் இருக்கும் பால்பல் ஆடி விழுந்து, அந்த இடத்தில் அகலமான புதுப்பல் எட்டிப்பார்க்கும் நாளை உங்கள் மருத்துவர் குறித்துக்கொள்ளட்டும். பாஸ்போர்ட்டில் எந்தத் தேதியை வேண்டுமானாலும் எழுதலாம். இந்தத் தேதியை அவர்களால் எழுத முடியாது.